கியர் பெட்டியில் தண்ணீர்

மோட்டார் சைக்கிளுக்குக் கியர் ஆயில் மாற்றும்போது, வடிகிற பழைய ஆயிலைப் பார்க்காமல் கொட்டிவிடக் கூடாது. வண்டி எங்கே போய் வந்தது என்பதை அது சொல்லிவிடும்.

எண்பத்தொன்றில் என் மகன் வெள்ளத்துரைக்கு வாங்கிக் கொடுத்த வண்டி. ஒரே மகன். ஓடைக்கு அந்தப் பக்கம் கோமதித்தாய் என்று ஒரு பெண். எங்கள் பருத்திக்காட்டில் களை எடுக்கிறவளின் மகள். இனி ஓடையைத் தாண்டமாட்டேன் என்று சொந்தக்காரர்கள் முன்னால் என் காலைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தான். தாண்டினால் எனக்கு மகனே இல்லை என்று நானும் சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், கியர் சரியாக விழவில்லை என்றான். அவனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாம் கியரிலேயே சங்கரன்கோவில் வரை நானே ஓட்டிப்போனேன். மெக்கானிக் பாதுஷா அடியில் இருந்த நட்டைக் கழற்றினான். பால் கூடிப்போன காப்பி நிறத்தில் ஆயில் வடிந்தது. சூடாக இருந்த சைலன்சரில் ஒரு சொட்டு விட்டான். சடசடவென்று பொரிந்தது.

"தண்ணி கலந்திருக்கு அண்ணாச்சி. வெள்ளத்துல ஓடை கீடை தாண்டுனியளா? இல்ல, யாரும் பைப்ப வச்சு அடிச்சுக் கழுவுனியளா?"

"எங்க வீட்டு ஆம்பளைக வண்டி கழுவ மாட்டாக."

"அப்பம் ஓடைதான்."

பட்டறைப் பெஞ்சில் எங்கள் சொந்தக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஆறுமுகச்சாமி மெதுவாகச் சொன்னான்: "சம்பந்தி வீட்டுக்கு ஒரு பாலம் போட்டுக் குடுத்திரும் வே. வண்டியாவது பொழைக்கும்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலையில் மகனைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை, குழாயைப் பார் என்றேன். குனிந்தான். தள்ளினேன். நீந்தத் தெரிந்தவன். அந்தக் கிணற்றில்தான் நான் அவனுக்கு நீச்சல் பழக்கினேன். இரண்டு தடவை படிக்கு வந்தான். கடப்பாரையோடு படியில் நின்றேன்.

"யப்பா, நான் ஓடைப் பக்கமே போவலை. பூசைக்கு நீங்கதான பைப்ப வச்சு அடிச்சிய."

உண்மைதான். வழக்கமாக வண்டி கழுவுகிற பிச்சையா ஒரு சாவுக்காகச் சிவகிரி போயிருந்தான். பூஜை நாளில் அழுக்கு வண்டிக்குச் சந்தனம் வைக்க முடியாது. மகனைத் தவிர யாரும் பார்க்காத நேரத்தில் பம்ப்செட் குழாயைப் பிடித்து நான்தான் அடித்தேன். ஆனால் நான்கு பேர் முன்னால் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. மகன் வெளியே வந்தால் அதைத்தான் முதலில் சொல்வான். மூன்றாவது தடவை அவன் படியைப் பிடித்தபோது கடப்பாரையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

பாதுஷா பாட்டிலில் பிடித்துவைத்த ஆயிலைக் கொண்டுவந்து ஸ்டேஷன் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். அடியில் தண்ணீர் தெளிவாக நிற்கிறது, ஓடையிலோ அப்போது செம்மண் வெள்ளம் என்கிறீர்கள். பார்த்தேன்.

மகனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பூஜையன்று குழாயைப் பிடித்தேன் என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. எங்கள் வீட்டு ஆண்கள் வண்டி கழுவுவதில்லை.