குளிரறைக் கதவில் ஒரு சிலிப்பர்

ரொட்டி சானாய் என்கிற நம் பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு சாப்பிட்டால்தான் எனக்குப் பிடிக்கும், புவான் லோஷினி. ஆனால் பத்தொன்பது வருடமாக நான் வேலை பார்ப்பது அதை உறைய வைத்துப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில். என்ன செய்வது, ஸ்கூடாயில் நெரிசலில் மாட்டாமல் போய்வரக்கூடிய வேலை அது ஒன்றுதான். பால் போடாத இந்தத் தே ஓ கோசோங் தேநீருக்கு நன்றி. சீனி வேண்டாம் என்று நேற்று சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். போலீஸ் நிலையத்தில் இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் மனிதவள மேலாளர். தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா, அப்பா அரசாங்க இலாகாவில் தலைமைக் குமாஸ்தா. எங்கள் வீட்டில் விதியை மீறியவர் ஒருவரும் கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரச்சினை ஒரு கைப்பிடியில் ஆரம்பித்தது. மூன்றாம் குளிரறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்துவிட்டது. உள்ளே மைனஸ் இருபது டிகிரி. கதவு சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பழைய ஜப்பான் சிலிப்பரைக் கதவிடுக்கில் செருகிவிட்டு உள்ளே போவார்கள், வரும்போது எடுத்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். உணவு செய்கிற இடத்தில் செருப்பா?

கைப்பிடியை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். முதலாளி முஸ்தபா பாயும் அதைத்தான் சொன்னார். "அலமாக், ஒரு கைப்பிடிதானே கனகசுந்தரம், மாத்திக் குடுத்துடுங்க லா." நான்தான் தடுத்தேன். அதற்குள் தொழிலாளர்கள் சங்கத்தில் சேர்ந்து, கைப்பிடியை முதல் கோரிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கீகாரம் இல்லாத சங்கம் கேட்டதை நாம் செய்தால், நாமே அங்கீகரித்த மாதிரி ஆகிவிடாதா? பாய் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க படிச்சவரு, பாத்துச் செய்ங்க" என்று போய்விட்டார். பாவம், நல்ல மனிதர்.

நாங்கள் அங்கீகாரம் மறுத்தோம். மறுத்தால் இரகசிய வாக்கெடுப்பு. இதில்தான் சட்டத்தின் அழகு இருக்கிறது, புவான். சங்கம் விண்ணப்பித்த நாளில் பட்டியலில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் 'ஆம்' போட வேண்டும். வந்து போட்டவர்களில் பாதி அல்ல, பட்டியலில் பாதி. வராதவர் எல்லாம் 'இல்லை' என்று சொன்ன மாதிரிதான். எங்கள் பட்டியலில் நூற்றெண்பது பேர். சங்கத்துக்குத் தொண்ணூற்றொன்று வேண்டும்.

விண்ணப்பித்துப் பதினான்கு மாதம் கழித்துத்தான் வாக்கெடுப்பு வந்தது. அதற்குள் முப்பது பேர் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். அத்தனை பேரும் எங்கள் பக்கம். இறந்தவரைப் போல விசுவாசமான தொழிலாளியை நான் கண்டதில்லை. இன்னும் இருபத்தாறு பேரை வாக்கெடுப்பு நாளாகப் பார்த்து டெசாரு கடற்கரைக்குச் சுற்றுலா அனுப்பினேன். ஆளுக்கு ஒரு தொப்பியும் கொடுத்தோம்.

வாக்கெடுப்பு இரண்டு மணிக்கு முடியும். ஒன்றேகால் வரை வாசலில் நின்று வந்தவர்களை எண்ணினேன். யார் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். சங்கத்துக்குத் தொண்ணூறு விழுந்திருந்தது. பாக்கி ராஜம்மா ஒருவர்தான். குளிரறைச் சரக்கு பார்ப்பவர், கைப்பிடிக் கோரிக்கையை எழுதியவரும் அவர்தான்.

"மூணாவது ரூம்ல பரோட்டா பெட்டி எத்தனை இருக்குன்னு பாத்துட்டு வாங்க ராஜம்மா."

"சார், ஓட்டுப் போட்டுட்டு வந்து பாக்கறேனே."

"பத்து நிமிஷ வேலைம்மா. அப்புறம் போலாம்."

"பத்து நிமிஷம்தான் சார். அப்புறம் நான் நிக்க மாட்டேன்."

யாருக்கு என்ன வேலை கொடுப்பது என்பது நிர்வாகத்தின் உரிமை. சங்கம் அதைப் பேரம் பேசவே முடியாது, சட்டத்திலேயே இருக்கிறது. பத்து நிமிடம்தானே என்று கனத்த குளிர்ச்சட்டை போடாமல் ராஜம்மா உள்ளே போனார். சிலிப்பரைச் செருகிவிட்டுத்தான் போனார். நான் பின்னாலேயே போய் அதை எடுத்து, செருப்புகள் வைக்கும் இடத்தில் வைத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் அதைத் தொடக்கூட இல்லை.

இரண்டு மணி அடித்ததும் திறந்துவிடத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் இரண்டு மணிக்கு எண்ணிக்கை ஆரம்பித்தது. நிர்வாகத்தின் பிரதிநிதி நான். எண்ணி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று அதிகாரி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். 'ஆம்' தொண்ணூறு, 'இல்லை' முப்பத்தொன்று, வராதவர் ஐம்பத்தொன்பது. சங்கம் தோற்றது. தொண்ணூறு என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு மாத உழைப்பு, புவான்.

அப்போது பேக்கிங் பிரிவு வாசுகி வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். "சார், ராஜம்மாக்காவ காணோம். ஓட்டும் போடல, ஃபோனும் எடுக்கல. எங்கயாச்சும் அனுப்பினீங்களா?"

அதிகாரி எங்களைப் பார்த்தார். "யாராவது வெளிய போகணும்னா சொல்லுங்க, கையெழுத்துப் போடறத நிறுத்தி வைக்கலாம்" என்றார். நல்ல மனிதர், சட்டத்தில் இல்லாததைக்கூடச் செய்யத் தயாராக இருந்தார். நான் வேண்டாம் என்றேன். ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாது. அதனால் மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டேன். ஜெயித்தவன் மறு எண்ணிக்கை கேட்டதை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவ்வளவு நேர்மை. ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் பார்த்தோம். நாலேகால் மணி ஆனது. அதே தொண்ணூறுதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகப் போய்க் கதவைத் திறந்தேன். ராஜம்மா கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கையில் பெட்டிக் கணக்குச் சீட்டு. நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தார், சரியாகவே இருந்தது. கதவின் உள்பக்கமெல்லாம் கை அடித்த தடம். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இறுதிச் சடங்குக்கு மாலை வாங்க நானே போனேன்.

ஆமாம், சிலிப்பரை எடுத்தது நான். தெரிந்தேதான் எடுத்தேன். ராஜம்மா உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துதான் இரண்டாவது தடவை எண்ணச் சொன்னேன். அதிலெல்லாம் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அறிக்கையில் என்னைத் தொழிலாளர் விரோதி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் ஆட்கள் படம் எடுத்து முடித்த மறுநாள் காலையே புதுக் கைப்பிடி போட்டுவிட்டேன். சங்கம் தோற்றுவிட்டது, இனிமேல் சிக்கல் ஏதும் இல்லையே. உள்ளேயிருந்து ஒரு விரலால் தள்ளினாலே திறக்கிறது. நானே உள்ளே நின்று மூன்று தடவை பார்த்தேன். வேண்டியதையெல்லாம் நாங்களாகவே செய்து கொடுக்கும்போது, இவர்களுக்குச் சங்கம் எதற்கு, புவான்?