நான்காம் எண்ணின் அலாரம்

நான் இந்த மருத்துவமனையின் இதய நோய் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தெட்டு. பின்தெருவில் ஒரு மாடி வீட்டில் கணவருடனும் மகளுடனும் குடியிருக்கிறேன். இறந்தவரின் மகன் கொடுத்த புகார் பற்றிப் போலீஸ் ஆய்வாளர் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் வார்டில் படுக்கை எண்தான் நோயாளியின் பெயர். அவர் நெஞ்சில் ஒட்டிய வயர்கள் கழுத்தில் தொங்கும் சின்னப் பெட்டிக்குப் போகும். அதன் துடிப்புக் கோடு எங்கள் மேசைத் திரையில் படுக்கை எண்ணோடு ஓடும். நேற்று காலை நான் டியூட்டிக்கு வந்து உட்கார்ந்ததும் நான்காம் எண்ணின் கோடு நேராகி அலாரம் அடித்தது. விழுந்தடித்து ஓடினேன். ஜன்னலோர நான்காம் படுக்கையில் இருந்தவர் சம்மணம் போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்ன சிஸ்டர், என்னைப் பார்த்தா போய்ச் சேந்தவன் மாதிரியா இருக்கு?" என்றார். வயர்தான் கழன்றிருக்கும் என்று நானும் சிரித்துவிட்டேன். அது அடிக்கடி கழலும்.

அதன் பிறகு ஒவ்வொரு ஒட்டாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஐந்தாம் படுக்கையில் கணவருக்குத் துணையிருந்த அம்மாள், "மெதுவா பேசும்மா, ராத்திரி முழுக்கக் கண்ணு மூடல, இப்பத்தான் அசந்து தூங்குறாரு" என்றார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

ஒட்டுகள் சரியாகவே இருந்தன. அலாரம் நிற்கவில்லை. அதன் பிறகு பேப்பர் படித்தவரின் கழுத்துப் பெட்டியைத் திருப்பினேன். ஐந்து என்று எழுதியிருந்தது. "அஞ்சாம் நம்பர் எப்படி உங்க கழுத்துல?" என்று கேட்டேன். "ஜன்னல் பக்கம் வேணும்னு நான்தான் கேட்டேன், அவரும் சரின்னு மாத்திக்கிட்டாரு" என்றார் அவர். யாரிடமும் சொல்லாமல் இவரும் ஐந்தாம் படுக்கைக்காரரும் இடம் மாறியிருந்தார்கள். பெட்டிகள் அவரவர் கழுத்திலேயே இருந்தன.

அதன் பிறகு ஐந்தாம் படுக்கைக்குப் பாய்ந்து, போர்வையை விலக்கி, அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். "தூங்குற மனுஷனை ஏம்மா இப்படிப் போட்டு அமுக்குற?" என்று அந்த அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார். டாக்டர் வந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அலாரம் அடித்தும் அப்பாவிடம் ஏன் போகவில்லை என்று மகன் கேட்கிறார். படுக்கையைப் பார்த்தேன், பெட்டியைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. அந்த அம்மாள் என்னை மெதுவாகப் பேசச் சொன்னதை எழுத வேண்டாம் என்று கேட்டேன். சொன்னதெல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார் ஆய்வாளர்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. அந்த அம்மாளுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அப்போது கணவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

(கையொப்பம்)