வீடு வீடாக வைத்த பத்திரிகை

தண்ணீர்மலை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“நேத்து முழுக்க வீடு வீடா பத்திரிகை வெச்சேன்க்கா,” என்றாள் இளையவள்.

“யாருக்குக் கல்யாணம்?”

“கல்யாணமில்ல. கோர்ட் ஆர்டர். என்னை அடிச்ச என் வீட்டுக்காரரு இனிமே என் பக்கத்துலயே வரக்கூடாதுன்னு. இன்னிக்கு அவரை போலீஸ் ஜாமீன்ல விடுறாங்க. ஃபிளாட் செக்யூரிட்டி, கீழ்க்கடை, பிள்ளை ஸ்கூல், மாடி வீடுங்க, எல்லாருக்கும் ஒரு காப்பி.”

“வாட்ஸப்ல அனுப்பியிருக்கலாம்லா.”

“பத்திரிகைய கையில கொடுத்தாதானே மரியாதை.”

“உன் மாமியாருக்குத் தெரியுமா?” என்றாள் பெரியவள்.

“முதல் பத்திரிகையே அவங்களுக்குத்தான். வாசல்ல நின்னு, முழுசா வாசிச்சும் காட்டிட்டு வந்தேன்.”