புளூரினா குளோரினா என்ற கேள்வியில் தனித்து நின்றவருக்கு

அணுவின் அகத்தை அணுவணுவாய் ஆய்ந்தவரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் குடுவையோடும் கரும்பலகையோடும் குன்றாத ஊக்கத்தோடு உழைத்து இன்று பணிநிறைவு பெறும் எங்கள் வேதியியல் அக்காவே! எழுந்து நின்று வணங்குகிறோம்.

உங்கள் பெருமைகளில் ஒரே ஒரு பகலை மட்டும் சொல்கிறோம்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் கூடம். நம் பள்ளியிலிருந்து சென்ற நால்வரும் ஒரே மேசையில் இருந்தோம். ஹாலஜன்களில் எலக்ட்ரான் நாட்டம் மிகுந்தது எது என்ற வினாவுக்கு விடைக்குறிப்பு 'புளூரின்' என்றது. 'குளோரின்' என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் பூஜ்யம் விழுந்தது. பன்னிரண்டாவது தாளில் உங்கள் பேனா நின்றது.

"ஐயா, விடைக்குறிப்பு தப்பு" என்று எழுந்தீர்கள்.

முதன்மைத் தேர்வாளர் முகம் சிவந்தார். "புளூரினுக்குத்தானே அயனியாக்கும் ஆற்றல் அதிகம்? அப்ப நாட்டமும் அதுக்குத்தானே? எல்லாரும் பேசாம திருத்துறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன டீச்சர்?"

"இருக்கிற எலக்ட்ரானைப் பிடுங்குறது புளூரின்லதான் கஷ்டம், ஒத்துக்கறேன். பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்துதான் ஏறும். ஆனா இது ரொம்பச் சின்ன அணு. உள்ள ஏற்கெனவே நெரிசல், புதுசா வர்றதைத் தள்ளுது. குளோரின்ல இடம் இருக்கு. எலக்ட்ரானைச் சேர்த்துக்கும்போது அதுதான் அதிக ஆற்றலை வெளிவிடும், நாட்டம்னா அதுதானே."

"எழுதிக் குடுங்க. தப்பா இருந்தா நடவடிக்கை உங்க மேலதான்."

எழுதினீர்கள். 'பதினோரு தாள்களில் நானும் தவறு செய்துவிட்டேன்' என்பதையும் மறைக்காமல் எழுதினீர்கள். கடிதம் மேலிடத்துக்குப் போனது. திருத்த மறுத்துக் கைகட்டி அமர்ந்திருந்தீர்கள். இரண்டு மணி நேரம் மற்றவர்கள் பழைய விடைக்குறிப்பின்படியே திருத்திக்கொண்டிருந்தார்கள். "வேலைக்கு உலை வெச்சுக்கிட்டாங்க" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது உங்கள் காதிலும் விழுந்தது.

நான்கு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பேசி முடித்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குளோரின்தான். எல்லா விடைத்தாள் கட்டையும் மறுபடி பிரிங்க" என்றார். நீங்கள் சிரிக்கக்கூட இல்லை. முதல் கட்டை இழுத்துப் பிரித்தீர்கள்.

அக்கா, விடை குளோரின்தான் என்று எங்கள் மூவருக்கும் காலையிலேயே தெரியும். வம்பு எதற்கு என்று குனிந்துகொண்டோம். சட்டமிட்டு மாட்டப்போகும் மடலில் இதை எழுதலாமா என்று நேற்றுவரை எங்களுக்குள் வாதம். எழுதத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

நோயின்றி, கவலையின்றி, நூறாண்டு வாழுங்கள். எங்களை மன்னியுங்கள்.

என்றும் அன்புடன்,
அன்று உங்கள் மேசையில் வாய்மூடி இருந்த மூவரும்,
உடன் பணியாற்றிய அனைவரும்