கிள்ளான் புஷ்பவல்லியின் கருத்து

வாங்கிய பொருளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதும் பழக்கம் நம் ஆட்களுக்குக் கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த பாட்டு, புத்தகக் கடைக்கு வந்து, கேட்ட பாட்டைப் பற்றியும் படித்த கதையைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுவார்கள். அதையே கடையின் இணையப் பக்கத்தில் எழுதச் சொன்னால் "ஓகே லா" என்று போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

முதலாளி ஷாஹுல் அண்ணன்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாதவி, பக்கம் காத்தாடுது. நீயே கஸ்டமர் மாதிரி வேற பேர்ல எழுதிப் போடு லா. யாரு வந்து கேக்கப் போறா?"

எந்தப் பெயர்களில் எழுதினேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.

வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் காஜாங் இராமலிங்கம் பிறந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், லேசில் சிரிக்காதவர். நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எங்களிடம் டிக்கெட் வாங்கிப் போய்விட்டு, "மனைவி சிரித்தாள், எனக்குக் குளிர்தான் எடுத்தது" என்று மூன்று நட்சத்திரம் போட்டார். அடுத்து கிள்ளான் புஷ்பவல்லி. சோகப் பாட்டென்றால் உயிரை விடுவார். "இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே சமைத்தேன், சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது" என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார். அந்த ஆல்பம் தீர்ந்துபோனது. ஒரு பெண்மணி கடைக்கே வந்து, "புஷ்பவல்லி ஆன்டி இந்தப் பக்கம் வருவாங்களா?" என்று கேட்டார். இப்போதுதான் கிளம்பினார் என்றேன்.

என்னோடு கல்லாவில் இருந்தவள் விஷ்ணுப்ரியா. சின்னப் பெண், இராமலிங்கமும் புஷ்பவல்லியும் நிஜ ஆட்கள் என்றே நம்பியிருந்தாள். மதியம் நாங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவோம். அவள் பதின்ம வயதினருக்காக ஒரு நாவல் எழுதினாள். பள்ளிக்கூடப் பெண்கள் மூவர் இசைக்குழு தொடங்கும் கதை. "நீங்கதான்க்கா ஃபர்ஸ்ட் ரீடர், வேற யாருக்கும் காட்டல," என்று என் கைபேசிக்கு அனுப்பினாள். நன்றாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டேன்.

பினாங்குப் பதிப்பகம் ஒன்று அதை அச்சிட்டது. புத்தகம் நன்றாக ஓடினால் அங்கேயே வேலை தருவதாகவும் சொன்னார்கள். அவள் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் போய்விட்டால் எனக்கு எதிரே யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? அவளும் அந்த ஊரில் தனியாகக் கஷ்டப்பட வேண்டாமே.

இராமலிங்கம் ஒரு நட்சத்திரம் கொடுத்தார். புஷ்பவல்லி மனசே இல்லாமல் இரண்டு கொடுத்தார். மற்றவர்கள் அவர்களை நம்பினார்கள். பெட்டியில் வந்த புத்தகம் பெட்டியிலேயே கிடந்தது. ப்ரியா கடையின் பின்பக்கம் போய் அழுதாள். நான் அவளைக் கூட்டிப்போய் ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டாள். அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு அவள் கடையின் இணையப் பக்கம் வழியாகப் புஷ்பவல்லிக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். "எதைத் திருத்தணும் ஆன்டி?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். புஷ்பவல்லியும் பாசத்தோடு பதில் எழுதினார். எழுத்து எல்லாருக்கும் வராது கண்ணு, உனக்குக் கடை வேலைதான் பொருத்தம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரியவைத்தார். பாதி எழுதியிருந்த இரண்டாவது நாவலை ப்ரியா அழித்துவிட்டாள். "இப்ப லேசா இருக்கு ஆன்டி," என்று எழுதினாள். எனக்கும் லேசாக இருந்தது.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அச்சான புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. படித்த கதைதானே என்று விட்டுவிட்டேன். மூன்று பெண்களும் கொமுட்டர் ரயில் ஏறி ஓடிப்போகும் அத்தியாயம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று இராமலிங்கம் எழுதியிருந்தார். பதிப்பகம் சொல்லி அந்த அத்தியாயத்தை ப்ரியா அச்சுக்கு முன்பே எடுத்துவிட்டிருக்கிறாள். அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் தைரியம் அவளுக்கு வெகுநாள் வரவில்லை. வந்ததும் நேரே முதலாளியிடம் போனாள்.

"இந்தச் சாப்டர் புக்ல இல்லண்ணே. பதிப்பகத்த விட்டா இதப் படிச்சது மாதவி அக்கா மட்டும்தான்."

நான் மறுக்கவில்லை. ஷாஹுல் அண்ணன் முகம் செத்துப்போனது.

"எழுதச் சொன்னது நான்தான். இப்படியா எழுதுவ? வேற எந்தப் பேர்ல எழுதின?"

"இராமலிங்கம் மட்டும்தான் அண்ணே."

நம்பினால் நல்லது என்று அவருக்கும் தோன்றியிருக்கும். அன்றோடு எனக்கு வேலை போயிற்று. ப்ரியா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது வலித்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் புஷ்பவல்லிக்குச் செய்தி வந்துவிட்டது.

"மாதவி அக்கா என்னை ஏமாத்திட்டாங்க ஆன்டி. உங்களைத் தவிர எனக்கு யாரு இருக்கா? அந்த ஒரு நட்சத்திரம் பொய்னு தெரிஞ்சு பினாங்குல திரும்பக் கூப்பிடுறாங்க. போகட்டுமா?"

பிள்ளையைக் காக்கவைக்கக் கூடாது. பேருந்திலேயே பதில் போட்டேன்.

"போகாத கண்ணு. உன்மேல உண்மையான பாசம் உள்ளவங்க இங்கதான் இருக்காங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.