ஒருமுறை வீணாய் ஒலித்த சைரன்

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆம்புலன்ஸ் ஓட்டி, எண்ணற்ற உயிர்களை மருத்துவமனை வாசல் சேர்த்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பேரன்புக்குரிய அண்ணனுக்கு, அவசர ஊர்தி நிலையத்தார் உளமுருகி வாசித்தளிக்கும் மடல்

விரைவிலும் நிதானம் தவறாத வித்தகரே! பதறியழைத்த குரலுக்கெல்லாம் பறந்து சென்ற பண்பாளரே! "தோ வந்துட்டேம்மா" என்ற ஒரு சொல்லிலேயே பாதி நோயை விரட்டிய பாசக்காரரே!

குண்டும் குழியுமான சாலையிலும் குலுங்காமல் ஓட்டினீர்கள்; பின்னால் ஊசி போடும் செவிலியர் அக்காவின் கை ஒருநாளும் தவறியதில்லை. அழைப்பு வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்தீர்கள். மீதியை நாங்கள் முடித்துவிட்டதை அறிந்தும் அறியாதவர்போல் இருந்தீர்கள்.

ஆயினும் அண்ணே, இன்று நாங்கள் பாராட்ட எடுத்துக்கொண்டது உங்கள் குற்றத்தைத்தான். நெளியாதீர்கள், உங்கள் மகளிடம் அனுமதி வாங்கிவிட்டோம்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. மகளுக்கு இறுதித் தேர்வு, பேருந்து வரவில்லை. நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பிய நீங்கள், பெற்ற மனம் கேளாமல் அவளை ஏற்றிக்கொண்டு சைரனை அலறவிட்டீர்கள். சாலையே ஒதுங்கி வழிவிட்டது. மணியடிக்குமுன் மகள் போய்ச் சேர்ந்தாள். மதியம் மருத்துவமனை வாசலில், தாயும் சேயும் நலம் என்ற மகிழ்ச்சியோடு ஒருவர் உங்கள் வண்டி எண்ணைப் பார்த்து ஓடிவந்தார். "அண்ணே, காலையில வலியில துடிச்ச பொண்டாட்டிய வச்சுக்கிட்டே காரை ஓரங்கட்டி உங்களுக்குத்தான் வழி விட்டோம். உள்ள இருந்தவங்க பொழச்சுட்டாங்களா?"

நீங்கள் நேரே நிலையத்துக்குத் திரும்பி, நடந்ததை எல்லாம் எங்களிடம் சொன்னீர்கள்.

நோயாளியின்றிச் சைரன் போடுவது சிறைவரை கொண்டுபோகும் குற்றமென்று நமக்கெல்லாம் தெரியும். தெரிந்தேதான் நாங்கள் பயணப் பதிவேட்டில் 'மயங்கி விழுந்த மாணவி' என்று பொய் எழுதி வைத்தோம். "வேலையே போயிடும், சும்மா இருங்கண்ணே" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். நீங்களோ அதை அடித்துவிட்டு, 'நோயாளி யாருமில்லை. என் மகள்' என்று எழுதி, காவல் நிலையத்துக்கு நடந்தே போனீர்கள்.

நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதம் பறித்தது. அந்த ஆறு மாதமும் எங்கள் வண்டிகளைக் கழுவினீர்கள். ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் ஈரக் கையோடு வாசல்வரை வந்து, "உள்ள ஆள் இருக்காங்கல்ல?" என்று கேட்பீர்கள். உரிமம் திரும்பி வந்த பிறகும் அந்தக் கேள்வியை நீங்கள் விடவில்லை. அன்றெல்லாம் எரிச்சலாக இருந்தது. நாளை முதல் அதைக் கேட்க ஆளில்லை. அதன்பின் இந்நிலையத்தில் ஒரு சைரனும் வீணாய் ஒலித்ததில்லை.

எங்கள் வண்டியில் ஒருநாளும் படுத்துவர நேராமல், பேரன் பேத்திகளோடு நெடுநாள் நலமாய் இருங்கள் அண்ணே!

விழா முடிந்ததும் உங்களை நம் வண்டியிலேயே வீட்டில் இறக்கிவிட ஆசைப்பட்டோம். "உள்ள நோயாளி யாருப்பா?" என்று கேட்டுவிட்டீர்கள். ஆகவே, உங்களோடு வீடுவரை நடந்தே வருகிறோம்.

இவண்,
அழைப்பு வந்தால் கிளம்புவதற்காக வண்டியருகே நிற்கும் இருவர் நீங்கலாக,
நிலையப் பணியாளர் அனைவரும்