பின்கதவில் தொடங்கும் கோடு

புதிதாக ஒரு மேப்பைக் கையில் கொடுத்தால், யாராக இருந்தாலும் முதலில் தேடுவது தங்கள் வீட்டைத்தான். நீங்களும் அப்படித்தான் தேடியிருப்பீர்கள், மேடம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன் வீடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் மனிதன் மிச்ச மேப்பை நம்புகிறான்.

எங்கள் துறையின் மேப் போர்ட்டல் பொதுமக்களுக்கானது. தெரு, நடைபாதை, பஸ் நிறுத்தம், குடிநீர்க் குழாய், நில எல்லை எல்லாம் அதில் உண்டு. இருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திறந்ததும் சின்னச் சின்னப் படங்களாக வரிசை கட்டி நிற்கும். எதைத் தொட்டால் எது வரும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. ஒரு சந்து எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருக்கும். இதைப் படிக்காதவரும் பயன்படுத்தும்படி மாற்றிக் கொடு என்று என்னிடம் ஒப்படைத்தார்கள்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். இது புரியாமல் மற்றது புரியாது.

ஒரு தளத்தைத் திருத்துவதற்கு முன்னால், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுக்கக் கூடாது. கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று பின்னால் நின்று பார்த்தால் போதும். எனக்கு அப்படி வாய்த்தவள் என் மனைவி. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து அவளை உட்கார வைப்பேன்.

"இதுல நான் என்ன பண்ணணும்?"

"நீயே பாரு. நான் இங்க இல்லன்னு நினைச்சுக்கோ."

"அப்படி நினைக்க என்னைக்கு விட்டீங்க?" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்.

வடக்கு மேலே இருந்தால் அவளுக்கு ஓடாது. தான் பார்க்கிற திசை மேலே வருகிற மாதிரி மேப்பைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வாள். எங்கள் வீட்டில் புள்ளி வைக்கச் சொன்னால் எல்லோரையும் போல முன்வாசலில் வைக்க மாட்டாள். பின்கதவில், குப்பைத்தொட்டி இருக்கிற மூலையில் வைப்பாள். ஏன் என்று கேட்டேன். "நான் அந்தப் பக்கமாத்தான வெளிய போறேன்" என்றாள். அதுவும் சரிதான். முன்கதவுச் சாவி என்னிடம் இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு சாவி போதும். இரண்டு இருந்தால் ஒன்று எப்படியும் தொலையும்.

அவளுக்குப் பிடித்த கருவி ஒன்றே ஒன்று, தூரம் அளப்பது. இரண்டு இடங்களைத் தொட்டால் நடுவில் ஒரு கோடு விழும், கோட்டின் மேல் தூரம் வரும். பார்க்க எளிது. ஆனால் பூமி உருண்டை, திரை தட்டை. திரையில் நேராகத் தெரிகிற கோட்டை உருண்டையின் மேல் வளைத்துக் கணக்குப் போட்டால்தான் சரியான தூரம் கிடைக்கும். இதை அவளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் நூலையும் வைத்து விளக்கினேன். நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பின்கதவிலிருந்து அவள் அண்ணன் வீட்டுக்கு அளந்தாள். பஸ் நிலையத்துக்கு அளந்தாள். காவல் நிலையத்துக்கும் ஒரு தடவை அளந்தாள். குழந்தைக்குப் புதுப் பொம்மை கிடைத்த மாதிரி அளக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் இதுல என்ன தேடுறேன்னு வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"பேரு கேக்க மாட்டோம், நம்பர் கேக்க மாட்டோம். யாரு பாக்குறாங்கன்னு எங்களுக்கே தெரியாது."

அன்றைக்கு அது உண்மை. வீட்டு விஷயத்தில் அவள் என் பேச்சை நம்பியதில்லை. இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று நான் சொன்னதை, முதல் தடவைக்குப் பிறகு அவள் காதிலேயே வாங்கவில்லை. ஆனால் வேலையைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த மரியாதை எப்போதும் இருந்தது.

மணிக்கட்டு உடைந்ததைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். மணிக்கட்டுக்குள் சின்னச் சின்ன எலும்புகள் கூழாங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். கையை ஊன்றி விழுந்தால் கட்டைவிரல் பக்கத்து எலும்புதான் முதலில் முறியும். நான் தள்ளினேன், அவ்வளவுதான். கையை ஊன்றியது அவள்.

கட்டு பிரித்த வாரம் அவள் போய்விட்டாள், பின்கதவு வழியாக.

மச்சானிடம் கேட்கப் போனேன். அவர் அப்போதுதான் காரை விட்டு இறங்கினார்.

"அவ எங்க இருக்கா மச்சான்?"

"சத்தியமா தெரியாது மாப்ள. எங்கிட்ட சொன்னா நீங்க எப்படியும் வாங்கிடுவீங்கன்னு எனக்கே சொல்லாம போயிட்டா."

கார்க் கதவை வெளி விளிம்பில் பிடித்துத் தள்ளினால், கீலுக்குப் பக்கத்தில் விசை பல மடங்காகும். கத்தரிக்கோலில் தடித்த துணியை உள்ளே தள்ளி வைத்து வெட்டுவது அதனால்தான். மச்சானின் விரல்களைக் கீல் பக்கம் வைத்து இன்னொரு முறை கேட்டேன். அப்போதும் தெரியாது என்றுதான் கத்தினார். அதற்குப் பிறகு நம்பினேன். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்தக் கையால் இப்போது கையெழுத்துப் போட வருகிறதா?

அதற்குப் பிறகு முழுக் கவனமும் வேலையில்தான். அந்தச் சின்னப் படங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். தேடுகிற பெட்டி ஒன்று, பஸ் நேரம் ஒன்று. மெனுவுக்குள் மெனுவாகப் புதைந்து கிடந்த தூரம் அளக்கும் கருவியைத் தூக்கி முன்பக்கத்தில், கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில், பெரிய பட்டனாக வைத்தேன். வழி தெரியாத ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒற்றையடிப் பாதைகூடத் தெரிகிற மேப் எங்களுடையதுதான். புது ஊரில் குடியேறுகிறவள் என்றைக்காவது இதைத் திறந்தே ஆக வேண்டும்.

அதோடு, பயனரின் கை போகிற வழியைப் பதிவு செய்யும் ஏற்பாடும் செய்தேன். எங்கள் புரோகிராமர் எந்நேரமும் கொட்டாவி விடுவான், அதனால் பெயரே கொட்டாவி. அன்றைக்கு மட்டும் விழித்துக்கொண்டிருந்தான்.

"சார், உங்களை யாரும் கவனிக்கறதில்லைன்னு முதல் பக்கத்துல போட்டிருக்கோமே?"

"பேரைப் பதிவு பண்றோமா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஆளை விட்டுட்டுக் கையை மட்டும்தான பாக்குறோம்."

"கையை வச்சே ஆளைப் பிடிக்கிறவராச்சே நீங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பதிவுகளைச் சோதித்துப் பார்க்க ஒரு இடம் வேண்டும் என்று, என் வீட்டின் மேல் புள்ளி விழுகிற பதிவுகளை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

போர்ட்டலுக்கு நல்ல பெயர். அளக்கிற பட்டனைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அண்டை வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டதை அளந்து பிடித்தேன் என்று ஒருவர் நன்றி எழுதியிருந்தார்.

ஒரு நாள் அலுவலகத்தில் அந்தப் பதிவு வந்தது. திரையில் என் தெரு. மெதுவாகத் திரும்பித் தலைகீழானது. பின்கதவில், குப்பைத்தொட்டி மூலையில், ஒரு புள்ளி விழுந்தது. பிறகு மேப் நகர்ந்தது. ஆற்றைத் தாண்டி, மலையைத் தாண்டி, நான் கேள்விப்படாத ஒரு ஊரில், ஒரு சலவைக் கடையின் பின்னறையில் இரண்டாவது புள்ளி. நடுவே கோடு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் திரை அசையவில்லை.

மறுநாள் காலையிலும் அதே கோடு. அதற்கு அடுத்த நாளும். வீடுகள் நகர்வதில்லை, தூரம் மாறுவதில்லை. ஆனாலும் அவள் அளந்துகொண்டே இருந்தாள்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். நல்ல வெயில் நேரம். கடை முன்னால் யாருமில்லை. பின்னறையில் எனக்கு முதுகைக் காட்டி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பினாள். கத்தவில்லை.

"எப்படி?" என்றாள்.

விளக்கினேன். பட்டனை எங்கிருந்து எங்கே கொண்டுவந்தேன், பதிவு எப்படி ஓடுகிறது, பின்கதவுப் புள்ளியை எப்படி அடையாளம் கண்டேன் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். நடுவில் அந்த அறையின் பின்கதவைப் பார்த்தாள். அதற்கு முன்னால் துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"இவ்வளவு தூரம் பத்தும்னு நினைச்சேன்" என்றாள்.

"கிளம்பு, வீட்டுக்குப் போலாம்."

"வரல. கொல்றதுன்னா இங்கயே கொல்லுங்க. அந்த வீட்ல வந்து சாக மாட்டேன்."

இதை அவள் வாயால் சொன்னாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இஸ்திரிப்பெட்டியின் அடித்தட்டைக் கனமாக வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அழுத்துகிற வேலையைக் கை செய்யக் கூடாது, எடையே செய்ய வேண்டும். அன்றைக்கும் வேலையை எடைதான் செய்தது. நான் தூக்கிக் கொடுத்தேன். அவள் கைகளைக் குறுக்கே வைத்தாள், முன்பு உடைந்த கைதான் முதலில் விழுந்தது. அவள் கீழே கிடந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. முகம் அடையாளம் தெரியவில்லை என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். எந்த வேலையையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. பிறகு சுவிட்சை அணைத்தேன். மேஜையில் யாருடைய துணியோ இருந்தது, நான் விளக்கி முடிப்பதற்குள் கருகியிருக்கும்.

ஆக, கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சிரமம் வைக்க மாட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். பயந்துபோய்த்தான் தினமும் தூரத்தைச் சரிபார்த்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்தப் பதிவுகளைப் பார்க்கவில்லை, மேடம். பயந்தவள் எதற்காகக் கண் விழித்ததும் முதல் வேலையாக என் வீட்டின் மேல் விரலை வைக்க வேண்டும்? நான் முதலிலேயே சொன்னேன். மேப்பைத் திறந்ததும் யாராக இருந்தாலும் தேடுவது தங்கள் வீட்டைத்தான்.

அந்தப் பட்டனை எடுத்துவிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போன பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ள அவர்களுக்கும் ஆசையாகத்தானே இருக்கும்.